புஜத்தில் இருந்த சர்டிபிகேட்

பள்ளிக்கூடத்துப் பியூனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தெரியும் என்று மட்டும் காட்டிக்கொள்ளக் கூடாது. என்னைப் போல மணி அடித்துக் காலம் தள்ளியவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். நான் அரூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இருந்தது, அம்மை குத்துகிறவர்கள் ஊர் ஊராக வந்துகொண்டிருந்த காலம்.

சுவர் ஏறிய வகுப்பு

ஒருநாள் அம்மை குத்துகிறவர் பெட்டியோடு வந்தார். கேட்டைச் சாத்து என்றார் தலைமையாசிரியர். சாத்தினேன். பையன்கள் பின்சுவர் ஏறிக் குதித்துக் கம்பங்காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். சுவரும் என் பொறுப்பா? சார் முதலில் குத்திக்கொண்டால் பிள்ளைகளுக்குப் பயம் தெளியும் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த நிமிஷமே அவருக்கு அரூரில் அவசர வேலை வந்துவிட்டது. பதினொரு மணி பஸ்ஸில் போனவர் சாயங்காலம்தான் திரும்பினார். மறுநாள் பிரேயரில், பிள்ளைகள் எல்லாரும் நிற்கும்போது சொன்னார்: “அஞ்சாவது படிச்சவனை வேலைக்கு வெச்சா பள்ளிக்கூடம் இப்படித்தான் நடக்கும்.”

ரயில் கணக்கு

அந்த வார்த்தையை மென்றுகொண்டே ஒரு வருஷம் மணி அடித்தேன். அடுத்த ஜூனில் சித்தேரி மலையிலிருந்து ஒருவர் தன் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க அழைத்து வந்தார். அவர்கள் ஊரில் ஐந்தாவது தாண்டிய முதல் பெண். மலைப் பிள்ளைகளுக்கு மட்டும் தலைமையாசிரியர் பரீட்சை வைப்பார். மணிக்கு முப்பது மைல் போகும் ரயில் தொண்ணூறு மைல் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். பெண் விழித்தது. தேறாது என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

டீ வைக்கப் போன நான், புளி மூட்டையோடு மணிக்கு மூன்று மைல் நடந்தால் ஒன்பது மைல் இறங்க எவ்வளவு நேரம் கண்ணு என்று கேட்டேன். மூன்று மணி என்றது உடனே. ரயிலுக்கும் அதே கணக்குத்தான் என்றதும் அதையும் சொல்லிவிட்டது. பக்கத்தில் இருந்த கணக்கு வாத்தியார் சிரித்துவிட்டார், பேனா மூடிக்கொண்டது. முதலிலேயே சொல்வதற்கென்ன என்று சார் அதட்ட, பெண் சொன்னது: “ரயிலை நான் பாத்ததில்லைங்க. புளி மூட்டை தூக்கியிருக்கேனுங்க.”

சட்டைக் கை

பரீட்சையில் விட்டதைச் சட்டத்தில் பிடித்தார் சார். அம்மை குத்திய சர்டிபிகேட் இல்லாமல் சேர்க்கை கிடையாது. அன்றுதான் கடைசி நாள். மலைக்கு நடந்து வந்து குத்தியவர் காகிதம் எதுவும் கொடுக்கவில்லை என்று தகப்பன் கும்பிட்டார். சார் அசையவில்லை. அன்று சோதனைக்கு வந்து அடுத்த அறையில் பதிவேடு பார்த்துக்கொண்டிருந்த பள்ளி ஆய்வாளருக்கு டீ கொண்டுபோன நான், விஷயத்தையும் சேர்த்துக் காதில் போட்டேன். அவர் எழுந்து வந்து பெண்ணின் கையைப் பார்த்தார். புஜத்தில் காசு அகலத்துக்கு இரண்டு தழும்பு. காகிதம் தொலையும், இது தொலையுமா, சேருங்கள் என்றார்.

நான் அதோடு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. வாத்தியார்களுக்கும் குத்தியிருக்க வேண்டுமாமே ஐயா என்று கேட்டுவைத்தேன். ஆய்வாளர் தலைமையாசிரியரைச் சட்டையைச் சுருட்டச் சொன்னார். புஜம் வழுவழுவென்று இருந்தது. அடுத்த வாரம் அம்மை குத்துகிறவர் வந்தபோது வரிசையில் முதல் ஆள் சார்தான். அந்தப் பெண்ணோடு பள்ளிக்கூடமே நின்று பார்த்தது. ஒரு பையனும் சுவர் ஏறவில்லை. கையைப் பிடித்துக்கொண்டவன் நான். கண்ணை இறுக மூடிக்கொண்டு சார் சொன்னார்: “கெட்டியாப் புடிச்சுக்கப்பா, உட்டுறாத.”

நான் பாஸானது ஐந்தாவதோடு சரி. ஆனால் ஒரு தலைமையாசிரியரைப் பாஸாக்கிவிட்ட பியூன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான்.