தனகோட்டி கொண்டுபோன முத்திரைக் கட்டை

போன மாதம் ஒரு காலையில் புதுச்சேரி பஸ் எங்கள் உப்பளத் திருப்பத்தில் நின்றது. யாரும் இறங்கவில்லை. கண்டக்டர் மட்டும் இறங்கி வந்தார். "தனகோட்டி அண்ணன் விடியக்காலைல தவறிட்டாருங்க. நெஞ்சு வலின்னாங்க. உங்ககிட்ட சொல்லத்தான் வண்டிய நிறுத்தினேன்" என்றார். வாரம் தவறாமல் அந்த பஸ்ஸில் ஆர்டர் பிடிக்கப் போனவர் என் கூட்டாளி. பஸ்ஸில் இருந்த பாதிப் பேருக்கு அவரைத் தெரியும்.

நான் தலையில் உப்புக் கூடை சுமந்து, பிறகு மரக்காணத்தில் குத்தகைக்கு அளம் எடுத்தவன். உப்பு விளைவிக்கத் தெரியும், விற்கத் தெரியாது. விற்றவர் தனகோட்டிதான். சென்னையில் ஊறுகாய்த் தொழில் செய்யும் கோமளவல்லி அம்மாளை அவர் பிடித்த கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு தடவை சில மூட்டை விற்றுவிட்டு, ஐப்பசி மழையில், அளமெல்லாம் தண்ணீர் நிற்கும்போது மறுபடி போயிருக்கிறார்.

"உப்பில்லாத காலத்துல எதுக்குப்பா வந்தே?" என்று கேட்டாராம் அம்மாள்.

"விக்க வரலைம்மா. போன உப்பு எப்படி இருந்துச்சின்னு கேக்க வந்தேன்."

அந்த ஒரு கேள்விக்காக ஆறு வருஷம் அந்த அம்மாள் வேறு யாரிடமும் உப்பு வாங்கவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. வாங்குபவர் ஓர் உப்பு அம்பாரத்தைப் பார்த்துத் தனக்கென்று சொல்லிவிட்டால், அதன் மேல் சாம்பல் தூவி, மரக்கட்டையால் சுற்றிலும் முத்திரை பதிப்போம். ஒரு கூடை அள்ளினாலும் முத்திரை கலைந்துவிடும். கலையாமல் இருந்தால் அது அவருடைய உப்பு.

நான்கு வருஷத்துக்கு முன் சித்திரையில் கோடை மழை பெய்து பாத்திகளில் விளைந்த உப்பு கரைந்துபோனது. கசப்பு நீர் நன்றாக வடிந்த பழைய உப்பு என்று எங்களிடம் இருந்தது அம்மாளுக்கு முத்திரை வைத்த அம்பாரம் ஒன்றுதான். தனகோட்டி வெளியூரில். அப்போது கடலூர்ப் பக்கமிருந்து ஒரு ரசாயனத் தொழிற்சாலை அதிகாரி வந்தார். அன்றைக்கே இரண்டு லாரி உப்பு கொடுத்தால் வருஷம் முழுக்க ஆர்டர் என்றார். எனக்கு வாய் ஊறியது. முத்திரையைக் கலைத்து ஏற்றிவிட்டேன். வெயில் திரும்பியதும் வாரிய புது உப்பை அதே இடத்தில் குவித்து, சாம்பல் தூவி, நானே கட்டையால் முத்திரை வைத்தேன். புது உப்பில் கசப்பு நீர் வடிய மாதக்கணக்காகும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

முத்திரை வைத்த ஒரு வாரத்தில் அம்மாளின் ஆள் நாராயணன் லாரியோடு வந்தார். கூடவே தனகோட்டி. "முத்திரை சரியா இருக்கு, ஏத்துங்கப்பா" என்று நாராயணன் சொல்ல, ஆட்கள் கூடையை எடுத்தார்கள். தனகோட்டி வழக்கம்போல ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். துப்பவில்லை. என்னைப் பார்த்தார்.

அவரைத் தனியே இழுத்துப் போனேன். "வாய மூடிக்கினு இரு. கசப்பு தெரியறதுக்குள்ள ஊறுகாய் வித்துடும்."

"வித்துடும். ஜாடி மேல யாரு பேரு இருக்கும்? உன் பேரா?"

அவர் நேராக லாரிக்குப் போனார். "அண்ணே, நிறுத்துங்க. நீங்க பாத்து வச்ச உப்பு இது இல்ல. அத வேற எடத்துக்கு அனுப்பிட்டோம். தப்பு எங்களுது."

'எங்களுது' என்றுதான் சொன்னார்.

நாராயணன் முகம் சிவந்துவிட்டது. "ஏம்பா, அங்க மாங்காய வெட்டிப் போட்டுட்டு பொம்பளைங்க உக்காந்திருக்காங்க! நான் வெறும் லாரியோட போய் அம்மா முன்னாடி நிக்கிறதா?"

"வெறும் லாரியோட போக வேணாம். பக்கத்து அளத்துல கன்னியப்பன்கிட்ட போன வருஷத்து உப்பு இருக்குது. வாங்க, நானே நல்லதா பாத்துத் தர்றேன்."

கன்னியப்பன் தொழிலில் என் ஜென்மப் பகையாளி. நான் குறுக்கே போய் நின்றேன். "டேய்! ஆறு வருஷத்து கஸ்டமர நீயே கூட்டிக்கினு போய் அவன்கிட்ட விடுறியா?"

"கூட்டிக்கினு போனாத்தான் திரும்பக் கூட்டியாற முடியும். ஏமாத்தி அனுப்பினா முடியுமா?" என்றார். போகும்போது குடிசையில் மாட்டியிருந்த முத்திரைக் கட்டையைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "இது என்கிட்டயே இருக்கட்டும் மொதலாளி."

அந்த 'மொதலாளி' செருப்படி மாதிரி விழுந்தது. இரண்டு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உண்மை பேசியதற்கு உடனே ஒரு பலனும் கிடைக்கவில்லை. தொழிற்சாலைக்காரர் இன்னும் ஒரே ஒரு முறை வாங்கினார். பிறகு வேறிடத்தில் மலிவாகக் கிடைத்ததென்று போய்விட்டார். அம்மாள் மூன்று வருஷம் கன்னியப்பனிடமே வாங்கினார். தனகோட்டி மட்டும் மாதம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். "பஸ் சார்ஜ் தண்டம்" என்று நான் முணுமுணுத்தால், "ஆர்டர் இல்லாத வீட்டுக்குத்தாம்பா போகணும். ஆர்டர் இருக்கிற வீட்டுக்கு லாரியே போகுமே" என்பார். போன வருஷம் அம்மாள் பாதி உப்பை எங்களிடம் எடுத்தார். பாதிதான். அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார்: முத்திரையைத் தனகோட்டி கையால்தான் வைக்க வேண்டும்.

சாவு வீட்டுக்கு நாராயணன் மாலையோடு வந்திருந்தார். கன்னியப்பனும் வந்து ஓரமாக நின்றான். கிளம்பும்போது நாராயணன் என்னிடம், "இனிமே முத்திரை யாருங்க வைப்பாங்க?" என்று கேட்டார். காரியம் முடிந்த அன்று தனகோட்டியின் மனைவி கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். நான்கு வருஷத்தில் அதன் பிடி அவர் கைக்கு ஏற்றபடி வழவழப்பாகியிருந்தது.

அம்மாளுக்குக் கடிதம் போட்டுவிட்டேன். நாராயணனை அனுப்புங்கள், முத்திரையை அவரே வைக்கட்டும், லாரி வரும்வரை கட்டையும் அவரிடமே இருக்கட்டும் என்று எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் கட்டை அவர்களுக்குத்தான். தனகோட்டியிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது வேறு. லாரி கிளம்புமுன் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். இந்த ஒரு மாதத்தில் இரண்டு லாரிகளை நிறுத்தியிருக்கிறேன்.