நிச்சயம் அக்காவும் ஒருவேளையும்

பாட்டிலுக்கு மூடி போடும் இயந்திரங்களைச் செய்து வெளிநாடுகளுக்கு விற்கும் அந்தக் கம்பெனியில், ஸ்பானிஷ் தெரிந்தவள் நெடுங்காலம் ஒருத்திதான். அவளுடைய பெயரை யாரும் சொல்வதில்லை. நிச்சயம் அக்கா என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் அவள் பதில் ‘செகூரோ’ என்றுதான் தொடங்கும். நிச்சயம் என்று பொருள். அடுத்து ஒரு கிழமையைச் சொல்வாள். ‘நிச்சயம், திங்கட்கிழமை.’ அதோடு போனை வைத்துவிடுவாள்.

அவளுக்கு ‘நிச்சயம்’ மேல் இத்தனை பிடிப்பு வந்ததற்குக் காரணம் அவள் அப்பா. எதைக் கேட்டாலும் “பார்க்கலாம்” என்பார். பள்ளிச் சுற்றுலாவுக்குக் கேட்டாள், பார்க்கலாம். சைக்கிள் கேட்டாள், பார்க்கலாம். மேற்கொண்டு படிக்கக் கேட்டாள், அதற்கும் பார்க்கலாம்தான். முடியாது என்று சொல்லியிருந்தால் ஒரு மூச்சு அழுதுவிட்டு எழுந்திருப்பாள். அந்தப் பார்க்கலாம் அவளை வாசலிலேயே உட்கார வைத்துவிட்டது. தன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரக் கூடாது என்று அன்றே முடிவு கட்டிக்கொண்டாள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு கம்பெனி செலவில் ஸ்பானிஷ் கற்றாள். ஒருவேளை, வரக்கூடும், இருக்கலாம் என்று சந்தேகமாகப் பேசும் பாடங்கள் வந்தன. அந்த மொழியில் சந்தேகம் வந்தால் வினைச்சொல்லே வேறு சட்டை போட்டுக்கொள்ளும். இந்த வழவழா கொழகொழா நமக்கெதற்கு என்று அந்த வாரங்களில் காய்ச்சல் என்று சொல்லி வகுப்புக்கு மட்டம் போட்டாள். நிச்சயமானதைச் சொல்ல என்ன வேண்டுமோ அதை மட்டும் படித்துத் தேறினாள். ஒரு மொழியில் பாதியைக் கற்றவர்கள் பெரும்பாலும் சரளமாகவே பேசுகிறார்கள். இல்லாத பாதி அவர்களைத் தடுப்பதில்லை.

பிறகு அந்தப் பெண் வந்தாள். பக்கத்து மேசை, சுருட்டை முடி, எப்போதும் கையில் ஒரு தேநீர்க் கோப்பை. அவள் போனில் பேசினால் ‘கிஸாஸ்’, ‘தால் வெஸ்’, ‘ஆ லோ மெஹோர்’ என்று மழையாகப் பொழிவாள். எல்லாம் ஒருவேளைக்கு அண்ணன் தம்பிகள். அலுவலகம் அவளுக்கும் பெயர் வைத்துவிட்டது: ஒருவேளை.

“என்னடி, அவ்வளவு நேரமா கிஸாஸ் கிஸாஸ்னு ஓதிக்கிட்டிருந்தே?”

“பெல்ட் எப்ப வரும்னு கேட்டாரு அக்கா. இந்த வாரம் வந்தாலும் வரும், கஸ்டம்ஸ்ல நின்னாலும் நிக்கும்னு சொன்னேன்.”

“இதுக்கு ஒரு சம்பளம். ஜோசியக்காரன்கூட இதைவிடத் தெளிவா சொல்லுவான்.”

“ஜோசியக்காரனுக்கு யாரும் திரும்பப் போன் பண்ணிக் கேக்கறதில்லையே அக்கா. இவரு பண்ணுவாரே.”

அந்த ‘இவரு’தான் அக்காவின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஆரஞ்சுச் சாறு ஆலை ஒன்றின் ஃபோர்மேன் அவர். முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் இருமலை வைத்தே அங்கே குளிர் தொடங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவாள். அவர் முழங்கால் வலி, மகளின் கல்யாணம், பேரன் பிறந்தது எல்லாம் அந்தக் கம்பி வழியாக முதலில் அவளிடம்தான் வந்தன. எத்தனையோ வருடமாக மாலையில் மணி அடித்தால் அது அவளுக்கான மணி.

இப்போது அவர், “சென்யோரித்தா இருக்காங்களா?” என்று கேட்க ஆரம்பித்திருந்தார். கல்யாணமாகாத பெண்ணை அங்கே அப்படிக் கூப்பிடுவார்கள்; அக்கா அவருக்கு சென்யோரா. முதல் தடவை, பாவம் வயசாகிவிட்டது, குழம்புகிறார் என்று நினைத்தாள். பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. பக்கத்து மேசையில் சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்கா இழுப்பறையை இழுத்து மூடுவாள். நல்ல சத்தம் வரும்படி மூடுவாள். இந்த மனிதருக்கு உறுதியாகப் பதில் சொன்ன நான் வேண்டாம், வந்தாலும் வரும் வராவிட்டாலும் வராது என்கிறவள் வேண்டுமா? கணவரிடம்கூட இதைச் சொல்ல முடியாது. ‘யாரோ ஒரு கிழவன் யார்கூடப் பேசினா உனக்கென்ன?’ என்பார்.

ஒரு மாலை ஒருவேளையின் போன் அடித்தது. அவள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், தேநீர் இயந்திரத்தின் முன் கோப்பையை ஊதிக்கொண்டு நின்றாள். அக்கா எடுத்தாள்.

“சென்யோரித்தா இருக்காங்களா?”

“இல்ல. வீட்டுக்குப் போயிட்டா.”

பொய் சொல்ல ஸ்பானிஷில் விசேஷமான வினைச்சொல் எதுவும் தேவைப்படவில்லை.

“சரி, நீங்களே சொல்லுங்க சென்யோரா. எங்க பல்சக்கரம் விரிசல் விட்டிருச்சு. புதுசு இன்னைக்கு விமானம் ஏறுதா?”

அக்கா ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு இன்னொரு போனில் பேக்கிங் பகுதியைக் கூப்பிட்டாள்.

“பல்சக்கரம் இன்னைக்குப் போகுமா?”

“போயிடும் மேடம். லாரி வந்துட்டா போயிடும்.”

“லாரி எங்க?”

“வந்துக்கிட்டு இருப்பான்.”

“இருப்பானா, இருக்கானா?”

“நான் என்ன மேடம், அவன் மடியிலயா உக்காந்திருக்கேன்? வந்துருவான்னுதான் தோணுது.”

எப்போதும் இப்படித்தான். கீழேயிருந்து வருவதெல்லாம் ‘தோணுது’, ‘இருப்பான்’, ‘வந்தாலும் வரும்’. அக்கா அதையெல்லாம் வடிகட்டி ஒரு கிழமையாக்கிக் கடல் தாண்டி அனுப்புவாள். அதைத்தான் தன் திறமை என்று நம்பியிருந்தாள்.

“செகூரோ,” என்றாள். “இன்னைக்கே.”

எதிர்முனையில் மெல்லிய சிரிப்பு.

“கோவிச்சுக்காதீங்க சென்யோரா. இங்க பட்டறையில எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நீங்க திங்கள்னு சொன்னா போர்டுல அடுத்த திங்கள்னு எழுதுவோம். புதுசா வர்றவனுக்கு முதல்ல சொல்லிக் குடுக்கறதே அதைத்தான். உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல, உங்களுக்கு நல்ல மனசு. ஆனா இன்னைக்கு ஒரு வாரம் கூட்டிக்க முடியாது. பழம் வாசல்ல வந்து நிக்குது. புதுச் சக்கரம் வருதுன்னா இப்பவே இயந்திரத்தைக் கழட்டணும். வராதுன்னா பழசையே வெல்டு வெச்சு மெதுவா ஓட்டுவேன். கழட்டினப்புறம் சக்கரம் வரலைன்னா அவ்வளவு பழமும் குப்பைக்குத்தான். அந்தப் பொண்ணு இருந்தா கேட்டிருப்பேன்.”

அக்காவின் காது சுட்டது. இத்தனை காலம் அவர் இவள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, நம்பாமல் ஒரு வாரம் கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். நல்ல மனசு என்று சொல்லிவிட்டாரே.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவேளை கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்தாள். கையைக் காட்டிக் கூப்பிட்டால் போதும், வந்துவிடுவாள். கூப்பிட்டால் இந்தக் குரலும் அவளோடு போய்விடும். கூப்பிடாமல் நிச்சயம் என்று இன்னொரு தடவை சொன்னால், அழுத்திச் சொன்னால், ஒருவேளை நம்பிவிடுவார். கழட்டிவிடுவார்.

வாசலில் லாரியின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள். கேட்கவில்லை.

“கிஸாஸ்,” என்றாள். அந்தச் சொல் வாயில் புதுச் செருப்பைப் போலக் கடித்தது. “கிஸாஸ்... ஓய் நோ.” ஒருவேளை இன்றைக்கு இல்லை. சேர்த்துச் சொல்ல அவளிடம் வினைச்சொல் இல்லை. “லாரி இன்னும் வரல. எனக்குத் தெரியல.”

“அப்படியா?” மறுமுனையில் அவர் யாரிடமோ உரக்கச் சொல்வது கேட்டது, கழட்டாதீங்க என்று. “கிராசியாஸ் சென்யோரா. ரொம்ப நன்றி.”

லாரி மறுநாள்தான் வந்தது.

மறுநாள் மாலை ஒருவேளை போனில் பேசிவிட்டு நாற்காலியோடு அக்கா பக்கம் திரும்பினாள்.

“நேத்து நான் வீட்டுக்குப் போயிட்டேன்னு சொன்னீங்களாமே அக்கா?”

அக்கா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சொல்லியிருப்பேன்.”

“கிஸாஸ்னும் சொன்னீங்களாம்?”

“சொல்லியிருப்பேன்.”

“போர்டுல எழுதி வெச்சிருக்காராம். சென்யோராவே கிஸாஸ்னுட்டாங்கன்னு பட்டறையே அசந்து போச்சாம். பழம் ஒண்ணும் வீணாகலையாம்.” அந்தப் பெண்ணின் குரலில் கோபமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. எது கூடுதல் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. “அடுத்த தடவ என்னைக் கூப்பிடுங்க அக்கா. நான் ஒண்ணும் அவரைத் தூக்கிக்கிட்டுப் போயிட மாட்டேன்.”

“பார்க்கலாம்,” என்றாள் அக்கா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. அதற்குள் போன் மறுபடி அடித்தது. இரண்டு கைகள் நீண்டன, அக்காவுடையது முந்திக்கொண்டது. அந்த இருமல். அங்கே குளிர் தொடங்கிவிட்டது.

“சென்யோரித்தா இருக்காங்களா? ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்.”

அக்கா இன்னொரு கையால் இழுப்பறையை நல்ல சத்தம் வரும்படி மூடினாள். பக்கத்தில், கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செகூரோ,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, அக்கா போனை நீட்டினாள்.