சாவியில் பட்ட சந்தனம்

ரேஷன் கடை வரிசையில் யாரோ யாரிடமோ சொன்னதை வெள்ளைத்தாய் அப்படியே வீட்டுக்குச் சுமந்து வந்திருந்தாள்.

"ஒம் பேச்சுத்தான் ஓடுது. வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டே பம்பாய்ல இருக்க மிசினை நிறுத்திப்புடுவியாம். போலீசு வரப்போகுதாம்ல."

"நிறுத்துறதுக்கு இல்லம்மா, நின்னு போனதை ஓட வைக்கிறதுக்குத்தான் சம்பளம் தாராக," என்று மகள் சுகந்தி சிரித்தாள்.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் வழியில் அவர்கள் ஊர். பருத்திக்காட்டில் கூலிக்குக் களையெடுத்துத்தான் வெள்ளைத்தாய் மகளை அருப்புக்கோட்டைக்குப் படிக்க அனுப்பினாள். சுகந்திக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கணவன் கத்தாருக்குப் போனான். கைக்குழந்தை சுவாதி அம்மாச்சியிடம் வளர்ந்தாள். வீடியோவில் பார்த்துப் பார்த்து, தாயை 'போன் அம்மா' என்றே கூப்பிடப் பழகியிருந்தாள். சுகந்தி ஊருக்கே வந்து இங்கிருந்து வேலை பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் 'போன்' உதிர்ந்தது.

அதற்கும் ஒரு கெடு இருந்தது. "தீபாவளி வரைக்கும் பார்ப்போம்," என்றிருந்தார் மேலாளர் அழகுராஜா. "ஒரு தடவை உங்களால உள்ள போக முடியலைன்னாலும், மறுநாள் நீங்க சென்னையில இருக்கணும்."

உள்ளே போவது என்றால், மும்பையில் பூட்டிய அறையில் இருந்துகொண்டு சரக்குக் கிடங்குகளுக்குப் பில் போட்டுத் தரும் சர்வருக்குள். அதோடு சின்னப் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். சர்வர் உயிரை விட்டுக் கிடந்தாலும், அந்தப் பெட்டி வழியாக அதன் திரையை இங்கிருந்தே பார்க்கலாம், அணைத்துப் போடலாம். இத்தனை அதிகாரம் உள்ள பெட்டிக்குக் காவலும் பலம். போகிற வருகிற சங்கதி முழுவதையும் குலைத்துப் போட்டுத்தான் அனுப்பும். நடுவில் ஒட்டுக் கேட்பவனுக்கு ஒன்றும் விளங்காது. கடவுச்சொல் சரியாக இருந்தாலும் ஆளை நம்பாது. கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு சாவியை லேப்டாப்பில் செருகி விரலால் தொட்டால்தான் கதவு திறக்கும்.

ஆயுத பூஜையன்று, சுகந்தி குழாயில் தண்ணீர் பிடித்துவிட்டு வருவதற்குள் வெள்ளைத்தாய் படையலை முடித்துவிட்டாள். மம்பட்டி, களைக்கொத்து, பருத்திக்கு மருந்தடிக்கும் கேன், அவற்றுக்கு நடுவே லேப்டாப். மூடி மேல் திருநீற்றுப் பட்டை. பக்கத்தில் அந்தச் சாவி, மஞ்சள் உருண்டையாக.

"அம்மா! இதுல என்னத்தப் பூசுன?"

"சந்தனந்தான். சின்னச் சாமானுன்னு விட்ர முடியுமா? பன்னீர் ஊத்திக் கொழச்சு நல்லா அப்பியிருக்கேன்."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துச் சரக்குக் கிடங்கிலிருந்து மேற்பார்வையாளர் நல்லகண்ணு.

"மேடம், எல்லா லாரிக்கும் பூசணிக்கா ஒடச்சாச்சு. பில்லு மட்டும் வரமாட்டேங்குது. ஸ்கிரீன் அப்படியே நிக்குது."

"பாக்குறேன், அஞ்சு நிமிசம்."

துணியால் துடைத்தாள். ஊக்கால் இடுக்கில் சுரண்டினாள். ஊதினாள். செருகியதும் பச்சை விளக்கு ஒருமுறை கண்ணைச் சிமிட்டி அணைந்தது. மறுபடி செருகினாள்; அதுவும் இல்லை. பன்னீர் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். திரையில் பெட்டி சாவியைக் கேட்டபடியே இருந்தது.

வெள்ளைத்தாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. "சாவிதான? திருச்சுழியில பூட்டுச் சாவி போடுறவன் இருக்கான்ல. ஒரு எட்டு போய்க் குடுத்தா வேற போட்டுத் தந்துருவான்."

"இன்னொண்ணு போடவே முடியாதுன்னுதாம்மா இதைக் குடுத்துருக்காக!"

கத்திய கத்தில் சுவாதி பொரிகடலைக் கிண்ணத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். மாற்றுச் சாவி அழகுராஜாவின் மேசை இழுப்பறையில், சென்னையில். இனி இருப்பது ஒரே வழி. வீடியோவில் அவள் முகத்தைப் பார்த்து, அவளேதான் என்று அழகுராஜா உறுதி செய்தால், சாவியில்லாமல் ஒருமுறை உள்ளே விடுவார். ஏன் சாவி இல்லை என்று கேட்பாரே, என்ன சொல்வது? நெட்டு போச்சு என்றாலும் பழி ஊர் மேல்தான் விழும். தொலைந்தது என்றால் வேலையே போகும். சந்தனம் என்று சொன்னால் சிரிப்பாரா, ரயிலுக்கு டிக்கெட் போடச் சொல்வாரா?

நல்லகண்ணுவின் குறுஞ்செய்திகள் வரிசையாக விழுந்தன. டிரைவர்கள் சத்தம் போடுகிறார்களாம்.

உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். அழகுராஜாவின் எண்ணை அழுத்தினாள். இன்று அவருக்கும் விடுமுறை. எந்தக் கோயில் கூட்டத்தில் நிற்கிறாரோ.

மணி போனது. சுவாதி அவள் மடியில் ஏறி உட்கார்ந்து, "யாரும்மா?" என்றாள்.

"இரு," என்றாள் சுகந்தி. அவர் எடுக்கவில்லை. அழைப்பு துண்டாகி நின்றது. மறுபடி அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது.