தீவு இலைக்குப் பதில் முருங்கை

அவளைக் கள்ளி என்று நம்பினேன். தீவிலிருந்து கொண்டுவந்த இலையின் சாற்றில், ஒவ்வொரு சோதனையிலும் யாரும் பார்க்காதபோது அவள் ஆன்டிபயாட்டிக் மருந்தைச் சொட்டு விடுகிறாள் என்று! எவ்வளவு பெரிய மூளை பாருங்கள் எனக்கு...

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளன் நான். வயது நாற்பத்தொன்பது. கிருமி வளர்த்த தட்டில், மூலிகைச் சாறு தோய்த்த காகித வில்லையை வைப்போம். சாறு வேலை செய்தால், மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாமல் தெளிவாக ஒரு வட்டம் தெரியும். அவ்வளவுதான் சங்கதி.

பதினோரு வருடமாகக் கன்னிவாடி மலையடிவாரத்தில் நான் பறித்து வந்த எந்தச் செடிக்கும் அந்த வட்டம் வரவில்லை. ஒன்றுக்குமே! பிரிசில்லா அந்தமானிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவள். அங்கே ஆறாத புண்ணுக்கு அரைத்துப் பூசும் இலையை ஒரே ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். முதல் தட்டிலேயே வட்டம்!

“அண்ணே, வந்திருச்சுண்ணே! மொதல்ல ஒங்ககிட்டதான் காட்டுறேன்” என்று ஓடி வந்தாள்.

பின்னாலேயே பேராசிரியர். “என்னப்பு, இம்புட்டு வருசமா நீயும் சாக்குச் சாக்காக் கொண்டாந்த. ஆடு திங்கத்தான் ஆச்சு. இந்தப் பிள்ளை ஒத்தப் பொட்டலத்துல காரியத்த முடிச்சிருச்சே!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆய்வகத்துக் கோமாளி நானல்லவா? உள்ளே வயிறு எரிந்தது. பொறாமை என்று சொல்லக் கூசி, அதற்குச் சந்தேகம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மறுசோதனை. அதிலும் வட்டம் வந்தால்தான் அந்த இலையில் அவள் ஆய்வு தொடரும். வியாழன் மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும், அவள் குப்பியில் மிச்சமிருந்த சாற்றைக் கைகழுவும் தொட்டியில் கொட்டினேன். பச்சை நிறம் வேண்டுமே? வளாகத்து முருங்கை இலையை ஆல்கஹாலில் ஊறவைத்து, வடித்து நிரப்பினேன். வெள்ளிக்கிழமை வில்லையில் அவள் மருந்தை விட்டு, இதற்கும் வட்டம் வந்தால் கையும் களவுமாகச் சிக்குவாள்... எப்பேர்ப்பட்ட துப்பறிவாளன்!

பிறகு பிடித்தது பாருங்கள் பயம்! முருங்கையே கிருமியைக் கொன்றுவிட்டால்? வீட்டில் மனைவி அன்றைக்கென்று பார்த்து முருங்கைக்கீரை வைத்திருந்தாள்.

“கீரையப் பாத்து எதுக்கு இப்படி முழிக்கிறீக? அது என்ன கடிக்கவா போகுது?” என்றாள்.

சனிக்கிழமை தட்டைத் திறந்தோம். வட்டம் இல்லை.

அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குப் புரிகிறதா? அவள் எதையும் சேர்க்கவில்லை. முதல் தட்டில் கிருமியைக் கொன்றது அந்த இலையேதான்! அது தெரிந்தவன் நான் ஒருவன் மட்டும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்... “நம்ம ஊர்த் தண்ணி அந்த எலைக்கு ஒத்துக்கல போல” என்று வேடிக்கைதான் வந்தது. அவள் சிரிக்கவில்லை.

“மொதத் தடவ நான்தான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கேன். இன்னொரு பொட்டலம் வரவழைக்கவா சார்?”

“வேணாம்மா. ஒருக்கா வந்து மறுக்கா வராததுக்குப் பின்னால ஓட முடியாது. வேற செடியப் பாரு” என்றார் பேராசிரியர்.

அவர் என் பக்கம் கூடத் திரும்பவில்லை. யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. அது நிம்மதியா? சொல்லத் தெரியவில்லை.

அவள் வேறு செடிக்கு மாறி இரண்டு வருடமாகிறது. ஆய்வகப் பதிவேட்டில் அந்த இலைக்கு நேராக ‘பலன் இல்லை’ என்று இருக்கிறது. பேராசிரியர் சொல்ல, எழுதியது நான்.