பெரியம்மாவின் அறைக் கூரை

ஆர்.எஸ்.புரத்தில் நாங்கள் இருப்பது பழைய வீடு. கீழே செங்கல் சுவர். மாடி முழுக்கத் தேக்குப் பலகைத் தளம். பலகைமேல் சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, கழிப்பறை கட்டியது நான்தான். அதற்கு நேர் கீழே என் பெரியம்மாவின் அறை. உத்தரத்துக்கு அடியில் ஓடிய குழாய் கண்ணை உறுத்துகிறதென்று பிளைவுட் கூரை அடித்து மறைத்ததும் நான்தான்.

இரண்டு வருடமாக அந்த அறையில் மூத்திர நாற்றம். எண்பது வயதுக்காரரின் அறை என்பதால் யாரும் கூரையைப் பார்க்கவில்லை, மெத்தையைத்தான் பார்த்தோம். அதை மாற்றினோம். ரப்பர் ஷீட் விரித்தோம். விருந்தாளிகள் வந்தால் ஊதுபத்தி கொளுத்திவிட்டுக் கதவைச் சாத்தினோம். மாலை ஆறு மணிக்கு மேல் பெரியம்மாவுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று என் மனைவி சொன்னாள். நானும் தலையாட்டினேன். பெரியம்மா ஆறு மணிக்கே சொம்பைக் கவிழ்த்து வைத்தார்.

போன மழையில் பிளைவுட் தொப்பை போட்டது. பிளம்பர் வந்தார். கட்டிலை நகர்த்தச் சொல்லி ஒரு பலகையைக் கழற்றினார். கறுப்பாகக் கஞ்சிபோல் ஒன்று தரையில் கொட்டியது. அதில் தலைமுடி இருந்தது. வெளுத்த புழுக்கள் நெளிந்தன. கரப்பான்கள் சுவர் வழியே தலையணைப் பக்கம் இறங்கின. உத்தரத்தில் அவர் அழுத்திய ஸ்க்ரூடிரைவர், வெந்த மரவள்ளிக்கிழங்கில் இறங்குவதுபோல் பிடிவரை போனது. மரத்தைக் காப்பாற்ற நாங்கள் அடுக்கடுக்காகப் பூசியிருந்த எனாமல் பெயிண்ட் மட்டும் பளபளப்பான தோலாக மிஞ்சியிருந்தது. ஈரத்தை வெளியே விடாமல் வைத்திருந்ததும் அதுதான்.

கழிப்பறைக் கோப்பைக்குக் கீழே குழாயின் இணைப்பு விட்டிருந்தது. மேலே நாங்கள் தண்ணீர் விட்ட ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரியம்மாவின் தலைக்கு மேல் சேர்ந்திருக்கிறது.

மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, புதுப் பிளைவுட் அடித்துவிட முடியுமா என்று கேட்டாள். பிளம்பர் பதில் சொல்வதற்குள் பெரியம்மா கதவருகே வந்து நின்றார். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு எங்களை விட்டுவிட்டுப் பிளம்பரைக் கேட்டார்.

“ஏனுங்க, அப்ப இது நானில்லீங்களா?”

“நீங்க இல்லீங்கம்மா. மேல கக்கூஸ் தண்ணிங்க. ரொம்ப நாளா ஒழுகியிருக்குதுங்க.”

“நானும் என்னையத்தானுங்க நெனச்சுட்டிருந்தேன்” என்றார் பெரியம்மா. எங்கள் பக்கம் கையைக் காட்டினார். “இவியளுக்கும் ஒருக்கா சொல்லிப்போடுங்க.”

நாங்கள் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தோம். பிளம்பர் தயங்கினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், உத்தரத்தைப் பார்த்தபடி, அதையே முதலிலிருந்து சொன்னார்.