என் வாயில் பலேடியம்

நான் வாயால் பிழைப்பவள். புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். சாட்சி தமிழில் சொல்வதை நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். அவர் கேட்பதைத் திரும்பத் தமிழில் கேட்க வேண்டும். காலை முழுக்க நாக்கு ஓயாது. அந்த நாக்கு எரியத் தொடங்கியபோது அதைச் சின்ன விசயமாக எடுக்க என்னால் முடியவில்லை.

வெள்ளவத்தையில் ஒரு பல் டாக்டரிடம் கடைவாய்ப் பல்லுக்கு கிரவுன் என்ற உலோக உறை போட்ட பிறகுதான் அது வந்தது. முதலில் பழைய சாவியை வாயில் வைத்திருப்பது போல ஒரு ருசி. பிறகு கன்னத்தின் உட்பக்கத்தில், சரியாக அந்த கிரவுன் உரசும் இடத்தில், வெள்ளைக் கோடுகள் விழுந்து புண்ணானது. உறைப்பான சம்பலை விடுங்கள், வெறும் தேங்காய்ப்பால் சொதியே எரிந்தது.

"விலை கூடின உலோகம் தங்கச்சி, தங்கம் கலந்தது. அது ஒண்டும் செய்யாது," என்றார் டாக்டர். வாய் கொப்பளிக்க மருந்து தந்தார். மறுபடி போனபோது, "உங்கட வயசில பொம்பிளையளுக்கு வாய் எரியிறது வழமை. டென்சனைக் குறையுங்கோ," என்றார்.

என் கணவரும் அதையே பிடித்துக்கொண்டார். "டாக்டர் சொன்னால் கேளுமன். நீர் எல்லாத்தையும் பெரிசாக்கிறீர்."

ஒருவர் சொல்வதை நம்புவதில்லை என்று முன்கூட்டியே முடிவெடுத்த முகம் எப்படி இருக்கும் என்பதைச் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று தினமும் பார்க்கிறவள் நான். அதே முகத்தை என் சாப்பாட்டு மேசையிலும் பார்த்தபோது, எரிச்சல் நாக்கில் மட்டும் இருக்கவில்லை.

யாரிடமும் சொல்லாமல் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். சிங்களப் பெண்மணி. வாயைப் பார்த்துவிட்டு, "ஃபேன்சி தோடு போட்டால் காது கடிக்குமா?" என்று கேட்டார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே காது புண்ணாகி நீர் வடியும் என்றேன். அது நிக்கலாக இருக்கலாம், நிக்கல் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு பலேடியம் என்ற அரிய உலோகமும் ஒத்துக்கொள்ளாது, பல் கிரவுன்களில் அதைக் கலப்பார்கள் என்று விளக்கினார். மாதக்கணக்காக யாரும் கேட்காத கேள்வியை ஒருவர் அப்போதுதான் கேட்டிருந்தார்.

அதை உறுதிப்படுத்த அவர் செய்த பெட்ச் டெஸ்ட் என்பது, முதுகில் ஒவ்வோர் உலோகத்தின் உப்பையும் சின்னச் சின்னதாக வைத்து பிளாஸ்டரால் ஒட்டிவிடுவது. எடுக்கும் வரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. எங்கள் வீடு இருக்கும் கொட்டாஞ்சேனை வெக்கையில் வியர்க்காமல் இருக்கச் சொன்னால் என்ன செய்வது? லீவு போட்டு ஃபேனுக்குக் கீழே குப்புறக் கிடந்தேன். கணவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் என் தலைமுடி பிசுக்கேறியதும், குசினித் தொட்டியில் என்னைக் குனியச் சொல்லி, முதுகில் ஒரு சொட்டுப் படாமல் அவரேதான் கழுவிவிட்டார்.

பிளாஸ்டரை எடுத்தபோது இரண்டு இடங்கள் சிவந்து தடித்திருந்தன. நிக்கல். பலேடியம். கண்ணாடியில் பார்த்து, எனக்கு நோய் உறுதியாகிவிட்டதற்காகச் சந்தோசப்பட்டேன்.

கணவரையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். பல் டாக்டர் கிரவுன் செய்த இடத்துக்குப் போன் எடுத்தார். தங்கம் கொஞ்சம்தான், பெரும்பங்கு பலேடியம் என்று அங்கே சொன்னார்கள். அவருடைய குரல் இறங்கியது, பிடிவாதம் இறங்கவில்லை.

"தோலில வந்தது வாயிலயும் வரும் எண்டு இல்லை. கழட்டேக்க பல்லு உடையலாம். நான் பொறுப்பெடுக்க மாட்டன்."

"பொறுப்பு என்ட. வாயும் என்ட. கழட்டுங்கோ."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர், "அவ சொல்லுறதைச் செய்யுங்கோ, டாக்டர்," என்றார்.

பல் ஓரத்தில் கொஞ்சம் உடைந்தது உண்மை. அதற்குத் தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு, புண் ஆறும் வரை காத்திருந்து, பிறகு உலோகமே இல்லாத செரமிக் கிரவுன் வைத்தார்கள். வெள்ளைக் கோடுகள் உடனே போகவில்லை. எரிச்சல் ஒரு நாள் குறையும், மறுநாள் வரும். மெல்ல மெல்லத்தான் விட்டது. முதலில் சொதி, பிறகு சம்பல்.

இப்போது எந்த உலோகத்தையும் கேட்காமல் உடம்பில் ஏற்றுவதில்லை. அண்மையில் கல்யாண நாளுக்கு மோதிரம் எடுக்கச் செட்டியார் தெருவுக்குப் போனோம். ஒரு வெள்ளைத் தங்க மோதிரத்தை நீட்டி, "இதில நிக்கல் இல்லை மேடம். அலர்ஜி இருக்கிறவங்களுக்காகவே செஞ்சது," என்றார் கடைக்காரர்.

"அப்ப வெள்ளை நிறம் எதால வருது?"

அவர் உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். "பலேடியமாம்."

வேண்டாம் என்று மோதிரத்தைத் தள்ளி வைத்தேன். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி தன் கூட வந்தவளிடம், "சரியான வில்லங்கம் பிடிச்ச ஆள்," என்றாள், எனக்குக் கேட்கும்படியே.

"ஓம்," என்று அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மஞ்சள் தங்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.