முப்பத்தேழாவது படம்

'அசையாதீங்க' என்று சொல்லிச் சொல்லித் தோத்தாத்ரிக்கு அலுத்துப்போயிருந்தது. மேற்குத் தாம்பரத்தில் ஸ்டூடியோ திறந்து இருபத்திரண்டு வருஷமாக அதே வார்த்தை. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்துக்காகப் பவுடர் அப்பிக்கொண்டு வரும் பெண் என எல்லோரும் அவர் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். ஓடுகிற ஒன்றை ஓடுகிறபடியே எடுத்துவிட வேண்டும் என்று இந்த மனுஷருக்குப் பைத்தியம் பிடித்ததில் என்ன ஆச்சரியம்?

பிலிம் ரோலின் மேல் முப்பத்தாறு படம் என்று போட்டிருக்கும். பார்த்து மாட்டினால் முப்பத்தேழு வரும். அந்த உபரி ஒன்றைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடுவதில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் ரோட்டோரம் நின்று, ஷட்டரை நொடியில் பதினைந்தில் ஒரு பங்குக்குத் தணித்து, வருகிற பஸ்ஸோடு இடுப்பைத் திருப்பிக்கொண்டே பட்டனை அமுக்குவார். அமுக்கிய பிறகும் திரும்புவதை நிறுத்தக் கூடாது. சரியாக விழுந்தால் பஸ் துல்லியமாக நிற்கும். பின்னாலிருக்கும் கடையும் மரமும் விளக்கும் கோடு கோடாக ஓடும். ஆறு வருஷத்தில் ஒன்றும் சரியாக விழவில்லை. இடுப்புவலிதான் மிச்சம்.

"இது என்ன, மழைல நனைஞ்ச கோலமா?" என்பாள் மனைவி அபிதகுஜாம்பாள்.

1988 ஆவணியில் மேடவாக்கம் சம்பந்தம் தன் பெண்ணின் கல்யாணத்தை ஊர் மெச்ச நடத்தினார். விடிகாலையில் போன தோத்தாத்ரி சாயங்காலம் ஆறேகாலுக்குத்தான் பையைக் கட்டினார். கால் இரண்டும் கெஞ்சின. கடைசி ரோலில் ஒரே ஒரு படம் பாக்கி. வெளியே வானம் மங்கி, வண்டிகள் விளக்குப் போட ஆரம்பித்திருந்தன.

அப்போதுதான் லாரியிலிருந்து குதித்து ஓடிவந்தான் சம்பந்தத்தின் மகன் தேவானந்தம். விஜயவாடாவுக்கு லோடு ஏற்றிப் போனவன். திரும்பும் வழியில் வண்டி படுத்துவிட்டது. தங்கை கழுத்தில் தாலி ஏறியதை அவன் பார்க்கவில்லை. சட்டையெல்லாம் கிரீஸ்.

"சார், தங்கச்சி கூட ஒண்ணே ஒண்ணு எடுத்துடுங்க சார்."

"ரோல் முடிஞ்சுபோச்சுப்பா."

"சரி சார், இன்னா பண்றது," என்று சிரித்துவிட்டு அவன் சாப்பிடப் போனான்.

ரோட்டுக்கு வந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, தாம்பரம் பஸ் வந்தது. தோத்தாத்ரி அதனோடு திரும்பினார். அமுக்கும்போதே தெரிந்துவிட்டது, இந்த முறை விழுந்துவிட்டது என்று. பிரிண்ட் வந்த அன்று அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, ஸ்டூடியோச் சுவரில் மாட்டினார். வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். அபிதகுஜாம்பாள்கூட வாயைத் திறக்கவில்லை. அந்தப் பையனை அவர் சுத்தமாக மறந்துபோனார்.

தை மாதத்தில் ஒருநாள் சம்பந்தம் வந்தார். மொட்டையடித்திருந்தார்.

"பையன் பூட்டான் சார். ஆந்திராவுல வண்டி கவுந்துட்ச்சு." பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "பதினாறாம் நாளுக்கு மாலை போடப் படம் வோணும். லைசென்ஸும் வண்டியோட பூட்ச்சு. இஸ்கூல்ல எடுத்ததுதான் வூட்ல கீது, அதுல பன்னெண்டு வயசு. கல்யாணத்துல எங்கயாச்சும் ஓரமா நின்னுகினு இருந்தாக்கூடப் போதும் சார். மூஞ்சிய மட்டும் எடுத்துப் பெரிசு பண்ணிக் குடு."

எல்லா ஸ்டூடியோக்காரர்களும் செய்து கொடுக்கிற வேலைதான் இது. ஆனால் எந்தப் படத்திலும் அவன் இல்லை என்று தோத்தாத்ரிக்குத் தெரியும். அதைச் சொல்லத் துணிவில்லாமல் கவரை எடுத்து நீட்டினார்.

சம்பந்தம் நெகட்டிவ்களை ஒவ்வொரு துண்டாக டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பஸ் விழுந்திருந்த கடைசித் துண்டில் வெகுநேரம் நின்றார். அப்புறம் சுவரைப் பார்த்தார்.

"இது அந்த பஸ்ஸா சார்?"

"ஆமா."

"ரோலு முடிஞ்சிட்ச்சின்னு சொன்னீங்கன்னான். இது அவன் வந்து கேட்டதுக்கு முன்னாடி எடுத்ததா, அப்பாலயா?"

முன்னாடி என்று சொல்லியிருக்கலாம். யார் வந்து கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஆனால் இன்னொரு பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

"அப்புறம்தான்," என்றார்.

சம்பந்தம் மெதுவாக எழுந்து, சுவரோரம் போய், கண்ணாடிக்கு வெகு அருகில் முகத்தை வைத்துப் பார்த்தார்.

"அந்த டிரைவரு மூஞ்சி எவ்ளோ தெளிவா கீது சார்," என்றார். நெகட்டிவை மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.